சீந்தில்: பெயர் வந்த வழி

விரல் பருமனுள்ள முற்றிய சீந்தில் தண்டு ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளித்தோல் மெல்லிய ஏடாகக் கழன்று வரும். அதற்கடியில் பச்சைப் பட்டை, உள்ளே வெளிறிய சதை. வெட்டு முகத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை ஆரக்கால்கள் ஓடியிருக்கும். கண்ணை அருகே கொண்டுபோனால் வண்டிச்சக்கரம் ஒன்று அப்படியே தெரியும். இதைப் பார்த்த யாரோ ஒருவர்தான் இந்தக் கொடிக்குச் சக்கரலட்சணிகா என்று சமஸ்கிருதத்தில் பெயர் வைத்திருக்கிறார். சக்கர அடையாளம் உடையவள் என்று பொருள்.

வெட்டிய துண்டை மண்ணில் ஊன்றக்கூட வேண்டாம். வேலியில் செருகி விட்டுவிட்டால், சில வாரங்களில் கணுவிலிருந்து நூல் போன்ற வேர் ஒன்று காற்றில் இறங்கி, மண்ணைத் தேடி ஆடிக்கொண்டிருக்கும். இதைக் கவனித்தவர்கள் வைத்த பெயர் சின்னருஹா. இங்கே ‘சின்ன’ என்பது நம் சிறியது அல்ல. வெட்டுண்டது என்று பொருள்படும் வடசொல். வெட்ட வெட்ட வளர்பவள் என்பதே அந்தப் பெயர். சித்த மருத்துவத்தில் வழங்கும் ஆகாசவல்லி என்ற பெயரும் அந்தரத்தில் தொங்கும் அந்த வேரைப் பார்த்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் இந்தக் கொடிக்கு வரிசையாகப் பெயர் அடுக்குகிறது: வத்ஸாதனி, சின்னருஹா, குடூசி, தந்திரிகா, அமிர்தா, ஜீவந்திகா, சோமவல்லி, விசல்யா, மதுபர்ணி. கன்று தின்பது வத்ஸாதனி. நரம்புக் கயிறு போன்றது தந்திரிகா. தமிழ்ப் பக்கம் வந்தால் சீந்தில், அமுதவல்லி, சோமவல்லி, சாகாமூலி, குண்டலி என்று இன்னொரு வரிசை இருக்கிறது.

இந்தப் பெயர்களை இரண்டு கூடைகளில் பிரித்துப் போடலாம். கண்ணால் கண்டதைச் சொல்லும் பெயர்கள் ஒரு கூடை: சக்கரம், வெட்டினால் தளிர்ப்பது, கன்று மேய்வது, கயிறு. வாக்குறுதி தரும் பெயர்கள் மறு கூடை: அமிர்தா, ஜீவந்திகா, சாகாமூலி, சஞ்சீவி. முதல் கூடையில் உள்ளவற்றை இன்றும் நம் கொல்லையில் சரிபார்த்துக்கொள்ள முடியும். இரண்டாம் கூடையில் உள்ளவைதான் பல நூற்றாண்டுகளாக மருந்துக்கடையில் இந்தக் கொடியை விற்றுவந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது.

முதலில் வடக்கே போன வழியைப் பார்ப்போம். குடூசி என்ற சொல்லுக்குக் காப்பது என்று ஆயுர்வேத உரைகாரர்கள் பொருள் கூறுவார்கள். இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் வடமொழி ‘ட’ ஓசை, வட இந்திய மொழிகள் பலவற்றில் ‘ல’ அல்லது ‘ள’ ஆகிவிடும். வெல்லத்தைக் குறிக்கும் ‘குட’ மராத்தியில் ‘கூள்’ ஆனது அப்படித்தான். அதே வழியில் குடூசி இந்தியில் கிலோய், வங்காளத்தில் குலஞ்சா, ஒடியாவில் குலுசி, குஜராத்தியில் களோ என்று ஆயிற்று. மராத்தி கூடவே ஒரு ‘வேல்’ சேர்த்து, அதாவது கொடி என்ற சொல்லை ஒட்டி, குள்வேல் ஆக்கிக்கொண்டது. யுனானி வைத்தியர்கள் கிலோ என்றே எழுதினார்கள். அதன் மாவுக்கு ஸத்-ஏ-கிலோ என்று பெயர். ஆங்கிலேய மருத்துவர்கள் கல்கத்தாவில் வங்காளப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1868-இல் வந்த இந்திய மருந்து நூலில் இந்தக் கொடி ‘குலஞ்சா’ என்ற பெயரோடுதான் நுழைந்தது.

தெற்கே கதை வேறு. கன்னடத்தில் அமிர்தபள்ளி. மலையாளத்தில் சிற்றமிர்து. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவைத் துணையாகக் கொண்டு தொகுத்த, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெருநூலில், அந்த மலையாளப் பெயரே லத்தீன் எழுத்தில் இடம்பெற்றிருக்கிறது. தெலுங்கில் திப்பதீகெ, தீகெ என்றால் கொடி. இலங்கையில் சிங்களவர் ரசகிந்த என்பார்கள். இவை எதனோடும் ஒட்டாமல் தமிழில் சீந்தில் தனியே நிற்கிறது. வடசொல்லைக் கடன் வாங்கவும் இல்லை, அமிர்தத்தைத் துணைக்கு அழைக்கவும் இல்லை. வைத்தியரின் ஏட்டில் அமிர்தவல்லி இருந்திருக்கலாம். வேலியோரத்தில் மாடு மேய்ப்பவர் வாயில் இருந்தது சீந்தில்தான்.

தமிழ் அகராதிகள் சீந்தில் என்றும் சிந்தில் என்றும் இரு வடிவம் காட்டுகின்றன. சொல்லாராய்ச்சியில் இறங்குகிறவருக்கு இங்கே இரண்டு தூண்டில்கள் தொங்குகின்றன. ஒன்று, சீந்துதல். ‘சீந்துவாரில்லை’ என்று நாம் தினமும் சொல்கிறோம். பொருட்படுத்துவார் இல்லை என்று அர்த்தம். வேலியில் கேட்பாரற்றுக் கிடந்த கொடிக்கு அந்த வினையிலிருந்து பெயர் வந்தது என்று எழுத ஆசை வரும். இன்னொன்று, சிந்துதல். இதற்குத் துணையாக ஒரு கதையும் இருக்கிறது. இராவணன் மாண்டபின் இந்திரன் அமிர்த மழை பொழிந்து இறந்த வானரங்களை எழுப்பினான் என்றும், அவற்றின் உடலிலிருந்து துளிகள் விழுந்த இடமெல்லாம் இந்தக் கொடி முளைத்தது என்றும் 16-ஆம் நூற்றாண்டின் பாவமிசிரர் தம் பாவப்பிரகாசத்தில் சொல்கிறார். சிந்திய அமுதம் சிந்தில் ஆயிற்று என்று முடிச்சுப் போட்டுவிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. அந்த அமிர்தக் கதை அமிர்தா என்ற வடமொழிப் பெயருக்கு விளக்கமாகப் பிறந்தது. அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளாத ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அதையே மூலமாக்குவது முறையல்ல. சீந்துதலோ பெரும்பாலும் இல்லை என்பதோடுதான் வரும் வினை; அதிலிருந்து இப்படியொரு செடிப்பெயர் பிறப்பதற்கு வழி தெரியவில்லை. சீந்திலைத் தமிழ் மண்ணின் சொல்லாக அப்படியே விட்டுவைப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

அமிர்தப் பெயர் கோயில்வரை போயிருக்கிறது. சோளிங்கர் மலையில் யோக நரசிம்மரோடு இருக்கும் தாயாரின் திருநாமம் அமிர்தவல்லி. எத்தனையோ வீடுகளில் அந்தப் பெயரைப் பெண்பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். கொடியின் பெயர் என்று நினைத்து வைத்தவர்கள் அதில் குறைவாகவே இருப்பார்கள்.

ஐரோப்பிய தாவரவியலும் தன் பங்குக்குப் பெயர் வைத்தது. ஜெர்மானியரான வில்டெனோ 1806-இல் இதை மெனிஸ்பெர்மம் கார்டிஃபோலியம் என்றார். கிரேக்கத்தில் ‘மெனெ’ நிலவு, ‘ஸ்பெர்மா’ விதை; கார்டிஃபோலியம் லத்தீனில் இதய வடிவ இலை. பிறை மாதிரி வளைந்த விதை கொண்ட குடும்பம் என்பதால் நிலவு உள்ளே வந்தது. 1851-இல் தாவரவியலாளர் மையர்ஸ் டினோஸ்போரா என்ற பேரினத்தை வகுத்தபின் இக்கொடி டினோஸ்போரா கார்டிஃபோலியா ஆயிற்று. குடும்பத்தின் பெயரில் மட்டும் நிலவு தங்கிவிட்டது. நம் சோமவல்லியிலும் சோமன் என்றால் நிலவுதான். ஆனால் அந்தச் சோமம் வேள்வியில் பிழிந்த கொடியின் நினைவோடு வந்தது. விதையைப் பார்த்து வந்ததல்ல. இரண்டு திசையிலிருந்து இரண்டு காரணத்தால் வந்த இரண்டு நிலவுகள் இவை.

பெயர்களில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது சீந்தில் சர்க்கரை. முற்றிய தண்டின் மேல்தோலைச் சுரண்டி, துண்டு துண்டாக்கி, நன்றாக இடித்து, தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு கையால் கசக்கிப் பிழிந்து, துணியில் வடித்து, அசையாமல் வைப்பார்கள். சில மணி நேரத்தில் மேலே கலங்கல் நீரும் அடியில் வெண்மையான படிவும் பிரியும். மேல்நீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி தெளியவைத்து, இப்படிப் பலமுறை செய்தபின் படிவை வெயிலில் உலர்த்தினால் வெள்ளை மாவு கிடைக்கும். நாக்கில் வைத்தால் இனிக்காது. ஆனாலும் அதற்குச் சர்க்கரை என்று பெயர். சர்க்கரை என்ற சொல்லின் மூலமான வடமொழிச் சர்க்கரா முதலில் பருக்கைக்கல்லைக் குறித்தது. பிறகுதான் இனிப்புக்கு வந்தது. பருக்கை பருக்கையாக உலர்ந்த மாவு என்பதுதான் சீந்தில் சர்க்கரை.

வேதியியல்படி பார்த்தாலும் அந்தப் பெயர் பொய்யில்லை. மாவு என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பல்சர்க்கரை. கடந்த முப்பது ஆண்டுகளில் சீந்திலின் தண்டிலிருந்து ஆய்வகங்கள் பிரித்தெடுத்து, நோயெதிர்ப்புச் செல்களின் மேல் சோதித்தவற்றில் முக்கியமானவையும் பல்சர்க்கரைகள்தான். மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த குழு 1999-இல் ஓர் அராபினோகேலக்டனை, அதாவது அராபினோஸும் கேலக்டோஸும் சேர்ந்த பல்சர்க்கரையை, தண்டிலிருந்து பிரித்ததாக வெளியிட்டது. அதற்கு ஜி1-4ஏ என்று குறிப்பெயர். எலியின் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான பி-செல்களை அது பெருகவைத்தது. பாக்டீரியா நஞ்சினால் வரும் அதிர்ச்சி நிலையிலிருந்து எலிகளைக் காத்தது என்று 2007-இல் அதே குழு காட்டியது. செல்லின் மேல் அது பற்றும் இடங்களில் ஒன்று டி.எல்.ஆர்.-4 என்னும் ஏற்பி.

அந்த ஏற்பியின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. டி.எல்.ஆர். என்பதன் முதல் எழுத்து குறிப்பது டோல் என்ற சொல்லை. ஜெர்மன் மொழியில் அபாரம் என்று வியக்கும்போது சொல்லும் சொல் அது. டூபிங்கனில் பழ ஈக்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்டு, விசித்திரமாக வளர்ந்த ஓர் ஈப்புழுவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல, அதுவே மரபணுவுக்குப் பெயரானது. அதே குடும்பத்து ஏற்பிகள் மனித உடலிலும் இருப்பதும், டி.எல்.ஆர்.-4 சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வை அடையாளம் காண்பதும் பின்னால் தெரியவந்தன. அந்தக் கண்டுபிடிப்புகளுக்காக புரூஸ் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும் 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமிக்காக வைத்த கதவைச் சீந்திலின் பல்சர்க்கரையும் தட்டுகிறது. செல் விழித்துக்கொள்கிறது.

மனித ரத்தத்திலிருந்து பிரித்த செல்களின் மேல் இன்னொரு குழு சோதித்தது ஒரு குளுக்கனை. குளுக்கோஸ் மட்டுமே கோத்த சங்கிலி. அது நிணநீர்ச் செல்களின் மூன்று வகைகளையும் தூண்டியது: இயற்கைக் கொல்லிகள் எனப்படும் என்.கே. செல்கள், டி-செல்கள், பி-செல்கள். அதில் என்.கே. செல்கள்தான் அதிகமாக விழித்தன; பி-செல்கள் குறைவாக. விழித்த செல்கள் இண்டர்லூக்கின்-6, இண்டர்லூக்கின்-12, காமா இண்டர்ஃபெரான், டி.என்.எஃப். ஆல்ஃபா முதலான சேதிப் புரதங்களை வெளியிட்டன. அழற்சியை மூட்டி மற்ற செல்களைப் போருக்கு அழைக்கும் சேதிகள் இவை.

சிறிய மூலக்கூறுகளும் உண்டு. கார்டிஃபோலியோசைடு, டினோகார்டிசைடு என்று அவற்றுக்குப் பெயர். தாவரத்தின் லத்தீன் பெயரை உடைத்துச் செய்த பெயர்கள்தான் இவை. வில்டெனோ பார்த்த இதய இலை இப்படி மூலக்கூறின் பெயருக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆய்வகத்துக்கு வெளியே நோயாளிகளிடமும் சில முயற்சிகள் நடந்தன. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் சாரதா தஹானுக்கரும் உடன் இருந்தவர்களும் பித்தநாளம் அடைபட்டு வந்த மஞ்சள் காமாலைக்காரர்களுக்கு அறுவைக்கு முன் சீந்தில் கொடுத்துப் பார்த்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். 30 நோயாளிகள். காமாலையால் மந்தமாகியிருந்த நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்களின் விழுங்கும் திறனும் கிருமியைக் கொல்லும் திறனும் சீந்தில் பெற்றவர்களிடம் மேம்பட்டன. ரத்தம் நச்சாவது குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் 30 பேர் என்பது சிறிய எண்ணிக்கை.

இங்கே சில விஷயங்களை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் குழாயில் செல்லின்மேல் நேரடியாக ஊற்றும் பல்சர்க்கரை வேறு, கஷாயமாகக் குடித்து இரைப்பையும் குடலும் கடந்து போவது வேறு. அவ்வளவு பெரிய மூலக்கூறு குடலிலிருந்து முழுசாக ரத்தத்தில் ஏறுவதில்லை. அதுமட்டுமல்ல. டி.எல்.ஆர்.-4 பாக்டீரியாவுக்கான கதவு என்பதால், மூலிகைச் சாற்றில் பாக்டீரியா எச்சம் துளி கலந்திருந்தாலும் செல் அதே மாதிரிதான் விழிக்கும். அந்தக் கலப்படத்தை நீக்கிக் காட்டாத சோதனையை நம்பக்கூடாது.

இனி இந்தக் கதையின் மையமான சொல்லுக்கு வருவோம். நாம் நோயெதிர்ப்பாற்றல் என்கிறோம். எதிர்ப்பு என்றாலே மோதல்; கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் இதே கருத்துக்கு வரும் சொல் வியாதிக்ஷமத்துவம். க்ஷமை என்றால் பொறுமை, தாங்குதல். நோயைத் தாங்கி நிற்கும் தன்மை என்றுதான் அது சொல்கிறது. இன்றைய நோயெதிர்ப்பியலின் பாதி வேலை இந்தப் பொறுத்தலைப் புரிந்துகொள்வதுதான். நம் சொந்தச் செல்லை, உண்ணும் சோற்றை, குடலில் வாழும் நுண்ணுயிரைத் தாக்காமல் விடுவது எப்படி என்பது அதன் பெரிய கேள்வி. பொறுமை தவறினால் வருவது தன்னெதிர்ப்பு நோய். எதிர்ப்பாற்றல் என்று மொழிபெயர்த்தபோது அந்தப் பொறுமை நம் கையிலிருந்து நழுவிவிட்டது. இது எனக்கு உண்மையான வருத்தம்.

அந்த நழுவலின் விலையைப் பெருந்தொற்றுக் காலத்தில் பார்த்தோம். 2020-இல் தமிழ்நாட்டில் தெருத்தெருவாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. அது பல சரக்கில் ஒரு சரக்கு. வடக்கிலோ கிலோய் தனியே சாறாகவும் மாத்திரையாகவும் எதிர்ப்பாற்றல் கூட்டும் என்ற முத்திரையோடு வீடுவீடாகப் போனது. வீட்டிலேயே தண்டைக் காய்ச்சி மாதக்கணக்கில் குடித்தவர்களும் உண்டு. 2021-இல் மும்பை மருத்துவர்கள் கல்லீரல் பாதிப்போடு வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் கிலோய் உட்கொண்டவர்கள். அடுத்த ஆண்டு நாட்டின் 13 மையங்கள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. அவர்களில் பெரும்பாலோரிடம் காணப்பட்டது தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியின் சாயல். தூண்டப்பட்ட செல்கள் சொந்தக் கல்லீரலைத் தாக்கியிருக்கின்றன என்பதே மருத்துவர்களின் கணிப்பு. கொடியை நிறுத்தியதும் பலர் தேறினார்கள். ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர்களில் இறந்தவர்களும் உண்டு.

ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது, தோற்றத்தில் ஒத்த டினோஸ்போரா கிரிஸ்பாவைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. கிரிஸ்பா தென்கிழக்கு ஆசியாவில் பெயர்பெற்ற கொடி. ஜாவாவில் ப்ரோத்தோவாலி, மலேசியாவில் பத்தாவாலி, பிலிப்பைன்ஸில் மகாபுஹாய். தகாலோக் மொழியில் புஹாய் என்றால் உயிர். உயிர் தருவது என்று பெயர். கடல் கடந்த இன்னொரு மக்களும் வெட்டினால் சாகாத ஒரு கொடியைப் பார்த்து அதே வாக்குறுதியை வைத்திருக்கிறார்கள். கிரிஸ்பாவின் தண்டில் மரு மருவாகப் புடைப்புகள் நிறைந்திருக்கும். சீந்தில் தண்டில் அப்படி இருக்காது. அடையாளக் குழப்பம் உண்மையான சிக்கல்தான். அது எல்லா நோயாளிகளையும் விளக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. நோயெதிர்ப்புச் செல்லைத் தூண்டும் என்று ஆய்வகத்தில் பெருமையோடு காட்டிய ஒரு மருந்து, தூண்டப்படக்கூடாத உடலில் போய்த் தூண்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

சீந்தில் கெட்ட கொடி என்று சொல்லவரவில்லை. வெட்டினால் தளிர்ப்பதைக் கவனித்த கண்ணும், தண்டில் சக்கரம் கண்ட கண்ணும், மாவைத் தெளியவைத்து எடுத்த கையும் நம்மவை. அவை கண்ட உண்மைகள் இன்றும் நிற்கின்றன. அமிர்தா என்ற பெயர் மட்டும் அந்தக் கண்ணிலிருந்து வந்ததல்ல, ஆசையிலிருந்து வந்தது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லீரல் நோய், தைராய்டு, மூட்டுவாதம் என்று தன்னெதிர்ப்புத் தொல்லை எதுவும் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால், சீந்திலை எந்தப் பெயரில் யார் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். தொட்டபின் கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே நிறுத்தி, என்ன குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் தண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.